தம்பி சிரிக்கும் படத்தில் அம்மா ஏன் அழுகிறார்? – ‘இன்சைடு அவுட்’ காட்டும் மூளை அறிவியல்

பள்ளி விடுமுறையில் வீட்டில் ஓர் அனிமேஷன் படம் ஓடுகிறது. பஞ்சுமிட்டாய் உடம்பும் யானைத் தும்பிக்கையும் கொண்ட ஒரு வேடிக்கை உருவத்தைப் பார்த்து ஆறு வயதுத் தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். சற்று நேரத்தில் அதே உருவம் மெல்ல மறைந்துபோகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா கண்களைத் துடைத்துக்கொள்கிறார். “என்னம்மா, கார்ட்டூனுக்குப் போய் அழுறீங்க?” என்று தம்பி கேட்கிறான். அம்மாவிடம் உடனே சொல்ல ஒரு பதில் இல்லை.

அறிவியலிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் படத்தின் பெயர் ‘இன்சைடு அவுட்’. பிக்சார் நிறுவனம் தயாரித்து, பீட் டாக்டர் இயக்கி, 2015-ஆம் ஆண்டு வெளிவந்த படம். மறு ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. 2024-இல் இரண்டாம் பாகமும் வந்தது. சிறுவர்களும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் படங்கள் பல உண்டு. ஆனால், ஒரே காட்சியில் ஒருவரைச் சிரிக்கவும் மற்றவரை அழவும் வைக்கும் படங்கள் குறைவு. ஏன் அப்படி என்று தேடினால் நினைவாற்றல், உணர்ச்சி, மூளை வளர்ச்சி ஆகிய மூன்றையும் தொட வேண்டியிருக்கிறது.

கதை இதுதான்

ரைலி என்ற 11 வயதுச் சிறுமி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வளர்கிறாள். அவளுக்குப் பனித்தரை ஹாக்கி என்றால் உயிர். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்கிறது. புது வீடு, புதுப் பள்ளி, பழைய தோழிகள் இல்லை. வெளியே நடக்கும் கதை இவ்வளவுதான்.

உண்மையான கதை ரைலியின் தலைக்குள் நடக்கிறது. அங்கே ஒரு கட்டுப்பாட்டு அறை. மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு ஆகிய ஐந்து உணர்ச்சிகளும் ஐந்து பாத்திரங்களாக நின்று விசைப்பலகையை இயக்குகின்றன. ரைலிக்கு நேரும் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு கண்ணாடி உருண்டையாக வந்து விழுகிறது. மகிழ்ச்சியான நினைவு மஞ்சள், சோக நினைவு நீலம்.

தலைவி மகிழ்ச்சிதான். ரைலி எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. புதுப் பள்ளியின் முதல் நாளன்று அவள் தரையில் ஒரு வட்டம் வரைந்து, “இதைவிட்டு வெளியே வராதே” என்ற பொருளில் சோகத்தை அதற்குள் நிறுத்திவைக்கிறாள். அந்த வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மொத்தக் கேள்வியும் அதற்குள்தான் இருக்கிறது.

ஏன் ஐந்து உணர்ச்சிகள்?

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. படக்குழுவினர் பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்களிடம் ஆலோசனை பெற்றனர்.

எக்மன் 1960-களின் பிற்பகுதியில் பாப்புவா நியூகினியின் மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கே வாழ்ந்த ஃபோரே மக்களில் பலர் திரைப்படமோ வெளியுலகப் படங்களோ பார்த்ததில்லை. அவர்களிடம் சிறு சிறு சூழ்நிலைகளைச் சொல்லி, பொருத்தமான முகப் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பிள்ளையை இழந்தவரின் முகம் எது? நண்பர்கள் வந்திருப்பதைக் கண்டவரின் முகம் எது? பெரும்பாலும் மற்ற நாட்டினர் தேர்ந்தெடுக்கும் அதே முகங்களைத்தான் அவர்களும் காட்டினர். மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு ஆகியவை மனித இனம் முழுமைக்கும் பொதுவான அடிப்படை உணர்ச்சிகள் என்று எக்மன் முடிவு செய்தார்.

பட்டியலில் ஆறு இருக்க, படத்தில் ஐந்துதானே? வியப்பும் பயமும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும் என்பதால் வியப்பை விட்டுவிட்டார்கள்.

எக்மனின் கருத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. லிசா ஃபெல்ட்மன் பேரட் என்ற அறிஞர், உணர்ச்சிகள் பிறப்பிலேயே தனித்தனிப் பொத்தான்களாக மூளையில் பதிந்திருக்கவில்லை என்கிறார். உடலின் நிலை, பழைய அனுபவம், நாம் கற்ற சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு மூளை அவ்வப்போது அவற்றை உருவாக்குகிறது என்பது அவருடைய வாதம். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

> தெரியுமா?
> படத்தில் குழந்தை ரைலி புரோக்கோலியைக் கண்டு முகம் சுளிப்பாள். ஜப்பானில் திரையிட்டபோது அதைப் பச்சைக் குடைமிளகாயாக மாற்றிவிட்டார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்காத காய் அதுதான்! அருவருப்பு எல்லா நாட்டுக்கும் பொது. எதைக் கண்டு அருவருப்பது என்பதில் பெரும்பகுதி நாம் வளரும் சூழலில் கற்றுக்கொள்வது.

நினைவு உருண்டைகள்: எவ்வளவு உண்மை?

ரைலி தூங்கியதும் அன்றைய உருண்டைகள் எல்லாம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நீண்டகால நினைவுக் கிடங்குக்கு அனுப்பப்படுகின்றன. இது அழகான காட்சி மட்டுமல்ல, அறிவியலுக்கும் மிக நெருக்கமானது.

நம் மூளையின் பக்கவாட்டுப் பகுதியில், உள்ளே ஆழத்தில், கடற்குதிரை வடிவில் ‘ஹிப்போகாம்பஸ்’ என்ற உறுப்பு இருக்கிறது. அதன் பணியை உலகுக்குக் காட்டியவர் ஹென்ரி மொலைசன் என்ற நோயாளி. கடுமையான வலிப்பு நோயைக் குணப்படுத்த 1953-இல் அவருடைய மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 27. வலிப்பு குறைந்தது. ஆனால், அதன் பிறகு நடந்த எந்த நிகழ்வையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்று முன் பேசிய மருத்துவர் அறையைவிட்டுச் சென்று திரும்பினால் புதியவராகத் தெரிந்தார். ஆனால், சிறுவயது நினைவுகள் பல அப்படியே இருந்தன. நினைவு உருவாகும் இடமும் அது நெடுங்காலம் தங்கும் இடமும் வேறு வேறு என்பது இதிலிருந்து புரிந்தது.

தூக்கத்துக்கு இதில் என்ன பங்கு? பகலில் எலி ஒரு பாதையில் ஓடும்போது ஹிப்போகாம்பஸில் எந்த நரம்பணுக்கள் இயங்கினவோ, அவையே அது தூங்கும்போது மீண்டும் சேர்ந்து இயங்குவதை 1994-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அன்றைய பாடத்தை மூளை இரவில் திருப்பிப் பார்க்கிறது என்று சொல்லலாம். தேர்வுக்கு முதல் நாள் விடிய விடியப் படிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆனால், படம் ஓரிடத்தில் வழுக்குகிறது. நினைவு என்பது ஓர் உருண்டை அன்று. மனித மூளையில் ஏறக்குறைய 86 பில்லியன் நரம்பணுக்கள் உள்ளன. ஒரு பிறந்தநாள் விருந்தின் காட்சி ஒரு பகுதியிலும், ஒலி இன்னொரு பகுதியிலும், அணிச்சலின் மணம் வேறொரு பகுதியிலும் எனச் சிதறி, நரம்பணு இணைப்புகளாகப் பதிகிறது. நினைவுகூரும்போது மூளை அவற்றைச் சேர்த்து மறுபடியும் கட்டுகிறது. காணொளியை மீண்டும் ஓட்டுவது போன்றதன்று அது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும் வேலை.

தொட்டால் நிறம் மாறும்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த பிறகு, சோகம் தொடும் மஞ்சள் உருண்டைகள் நீலமாக மாறத் தொடங்குகின்றன. வகுப்பில் மினசோட்டாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசத் தொடங்கிய ரைலி, பாதியில் அழுதுவிடுகிறாள். நடந்த நிகழ்வு அதேதான். அதன் நிறம் மட்டும் மாறிவிட்டது.

இப்படி நடக்குமா? நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டில் கரீம் நாடரும் அவருடைய குழுவினரும் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்டால் பயப்படப் பழக்கினர். பிறகு, அந்த ஒலியை மீண்டும் ஒலிக்கச் செய்து நினைவைத் தூண்டிய உடனே, மூளையின் ‘அமிக்டலா’ பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினர். அடுத்த சோதனையில் எலிகளின் பயம் பெரிதும் குறைந்திருந்தது. நினைவைத் தூண்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது பயம் குறையவில்லை. அதாவது, நினைவுகூரும் கணத்தில் பழைய நினைவு சற்றே நெகிழ்ந்து, மறுபடியும் சேமிக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் அது மாறக்கூடும்.

மனிதர்களிடம் இதற்கு வேறு வகைச் சான்று உண்டு. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படக்காட்சியைக் காட்டினார். 50 பேரிடம் கார்கள் “மோதி நொறுங்கியபோது” வேகம் என்ன என்றும், வேறு 50 பேரிடம் “இடித்தபோது” வேகம் என்ன என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 16 பேரும் இரண்டாம் குழுவில் 7 பேரும் ஆம் என்றனர். படக்காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை! ஒரே ஒரு சொல் நினைவுக்குள் நுழைந்து காட்சியை மாற்றிவிட்டது.

இரண்டு நிறம் கொண்ட உருண்டை

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பஞ்சுமிட்டாய் உருவத்தின் பெயர் பிங் பாங். ரைலி சின்னஞ்சிறு வயதில் உருவாக்கிய கற்பனைத் தோழன். நினைவுக் கிடங்கில் யாரும் தேடாமல் அலைந்துகொண்டிருக்கும் அவன், மறதிப் பள்ளத்தில் விழுந்த மகிழ்ச்சியை மேலே ஏற்றிவிட்டு, தான் கீழேயே நின்று மறைந்துபோகிறான்.

ஆறு வயதுத் தம்பிக்கு இது ஒரு சாகசம். மகிழ்ச்சி தப்பித்துவிட்டாள், நல்லது. அம்மாவுக்கோ அது தன் குழந்தைப் பருவம். தன் பிள்ளை பேசிப் பேசி விளையாடி, பிறகு மறந்துபோன பொம்மையும்கூட. மகள் காப்பாற்றப்பட வேண்டும் என்ற ஆறுதலும், பழையது ஒன்று திரும்பி வராது என்ற துயரமும் ஒரே கணத்தில் சேர்ந்து வருகின்றன.

ஒரே நேரத்தில் இரண்டு எதிர் உணர்ச்சிகளை உணர்வது பிறவியிலேயே முழுமையாக வருவதில்லை. 1980-களில் சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர் 4 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் இதைக் கேட்டு ஆராய்ந்தார். மிகச் சிறிய பிள்ளைகள், ஒரே சமயத்தில் இரண்டு உணர்ச்சிகள் வரவே முடியாது என்றனர். ஒரே பொருளின் மீது மகிழ்ச்சியும் சோகமும் சேர்ந்து வரும் என்று விளக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 11 வயதுப் பிள்ளைகள்.

2007-இல் ஜெஃப் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் இதை ஓர் அனிமேஷன் படத்தைக் கொண்டே சோதித்தனர். ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் தந்தை தன் மகளுக்கு விடைகொடுக்கும் காட்சியை 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டி, தந்தை எப்படி உணர்கிறார், நீ எப்படி உணர்கிறாய் என்று கேட்டனர். தந்தைக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே இருக்கின்றன, தனக்கும் அப்படித்தான் என்று சொன்னவர்களில் வயதில் மூத்த பிள்ளைகளே அதிகம்.

அம்மாவின் கண்ணீருக்கு விடை இதுதான். இருவரும் ஒரே காட்சியைத்தான் பார்த்தார்கள். தம்பியின் மூளை அதை ஒரு நிறத்தில் பார்த்தது. அம்மாவின் மூளை இரண்டு நிறங்களில் பார்த்தது.

ரைலியின் வயது 11 என்று வைத்ததும் பொருத்தமானதே. படத்தின் முடிவில் அவளுடைய அறையில் முதன்முறையாக மஞ்சளும் நீலமும் கலந்த ஓர் உருண்டை உருவாகிறது. அவள் வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அதுவே அடையாளம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலர் அந்த எல்லையைச் சற்று முன்புதான் தாண்டியிருக்கிறீர்கள். ஆறு வயதில் நீங்கள் சிரித்த ஒரு படத்தை இப்போது மறுபடியும் பார்த்தால், அது வேறு படமாகத் தெரிவது இதனால்தான்.

சோகத்துக்கு என்ன வேலை?

பயம் நம்மை ஆபத்திலிருந்து காக்கிறது. அருவருப்பு கெட்டுப்போன உணவிலிருந்து காக்கிறது. கோபம் அநியாயத்தை எதிர்க்கத் தூண்டுகிறது. சோகம் எதற்கு? படம் முழுவதும் மகிழ்ச்சிக்கு விடை தெரியாத கேள்வி இது.

பிங் பாங் தன் விளையாட்டு வண்டியை இழந்து அழும்போது, மகிழ்ச்சி அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள், முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிறாள். எதுவும் பலிக்கவில்லை. சோகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இழந்ததைப் பற்றிப் பேச விட்டு, கேட்கிறாள். அவன் அழுது முடித்து எழுந்துவிடுகிறான். பிறகு மகிழ்ச்சி ஒரு பழைய உருண்டையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறாள். ரைலி ஹாக்கி ஆட்டத்தில் கோல் போடத் தவறி, தனியே உட்கார்ந்து அழுத நாள் அது. அவள் அழுததால்தான் பெற்றோர் வந்தார்கள், அணித்தோழிகள் வந்து தூக்கிக் கொண்டாடினார்கள். சோகம் ஒரு சைகை. “எனக்குத் துணை வேண்டும்” என்று பிறருக்குச் சொல்லும் சைகை. அந்தச் சைகையை அடைத்துவிட்டால் உதவி வராது.

அடைத்து வைத்தால் உடலுக்கு என்ன ஆகும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. 1993-இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் அருவருப்பூட்டும் மருத்துவக் காட்சிகளை மாணவர்களுக்குக் காட்டினர். ஒரு குழுவினரிடம், உணர்ச்சியை முகத்தில் காட்டக்கூடாது என்றனர். அவர்கள் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால், உள்ளே உணர்ந்த அருவருப்பு சிறிதும் குறையவில்லை. தோல் வியர்ப்பது போன்ற பரிவு நரம்பு மண்டலச் செயல்களோ கூடின. வட்டத்துக்குள் நிறுத்தினால் சோகம் மறைவதில்லை. உடல் கூடுதலாக உழைக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு மாறாக, உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவது உதவுகிறது. 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமோ பயமோ தெரியும் முகப் படங்களை மூளை வருடியினுள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டினர். அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. முன்னெற்றிப் பகுதி கூடுதலாக இயங்கியது. சரியான சொல்லைக் கண்டுபிடிப்பதே மூளைக்கு ஒரு பிடிமானம்.

இது ரைலியின் கதை மட்டுமல்ல. ஒவ்வோர் ஆண்டும் நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஆறாம் ஆண்டை முடித்தவர்கள் படிவம் 1-க்கோ புகுமுக வகுப்புக்கோ செல்கிறார்கள். ஆறாண்டுகள் பெயர் சொல்லி அழைத்த ஆசிரியர்கள் இல்லை. பாடமொழி மாறுகிறது. சிற்றுண்டிச்சாலையில் யாருடன் உட்காருவது என்று தெரியவில்லை. வீட்டில் “புதுப் பள்ளி எப்படி?” என்று கேட்டால், “ஓகே” என்ற ஒரே சொல். பெற்றோர் கவலைப்படக்கூடாது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பிள்ளை சிரிப்பதைக் கண்டு பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். ரைலியின் அம்மாவும் அப்பாவுக்காகச் சிரித்த முகத்துடன் இருக்கும்படி அவளைக் கேட்டுக்கொள்வார். அன்பினால் கேட்டதுதான். ஆனால், அதுவும் ஒரு வட்டம்தான்.

ஒருகட்டத்தில் ரைலியின் விசைப்பலகை கறுத்துப்போய், எந்த உணர்ச்சிக்கும் இயங்காமல் நின்றுவிடுகிறது. வீட்டைவிட்டு ஓட அவள் பேருந்தில் ஏறுவது அந்த நிலையில்தான். சோகமாக இருப்பது வேறு. எதையுமே உணராமல் மரத்துப்போவது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்த விளையாட்டிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், அது உங்கள் பலவீனம் அன்று. காய்ச்சலைப் போல அதற்கும் கவனிப்பு தேவை. வீட்டில் ஒருவரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். உங்கள் நண்பர் இப்படி இருந்தால், கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த வார முயற்சி

1. தம்பி, தங்கையுடனும் அம்மா, அப்பா அல்லது தாத்தா, பாட்டியுடனும் சேர்ந்து ஏதாவது ஓர் அனிமேஷன் படத்தைப் பாருங்கள். ஒரு காட்சியில் நிறுத்தி, “இந்தப் பாத்திரம் இப்போது என்ன உணர்கிறது?” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். எந்த வயதில் இரண்டு உணர்ச்சிகள் சேர்ந்து வருகின்றன? சிலரை மட்டும் கேட்டு முடிவுக்கு வரக்கூடாது. வகுப்பு நண்பர்களின் பதிவுகளையும் சேர்த்து அட்டவணைப்படுத்துங்கள்.

2. குடும்பத்தில் எல்லாரும் கலந்துகொண்ட ஒரு பழைய நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காதபடி தனித்தனியே விவரிக்கச் சொல்லுங்கள். எங்கெங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். யார் சொல்வது சரி என்று சண்டை போட வேண்டாம். நினைவு எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியுமே!

3. இன்று மாலை யாராவது “பள்ளி எப்படி?” என்று கேட்டால், “ஓகே” என்ற சொல்லைத் தவிர்த்து, அன்று உணர்ந்ததற்குப் பொருத்தமான வேறொரு சொல்லைத் தேடிச் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை: ஏக்கம், சலிப்பு, கூச்சம், ஆற்றாமை, பூரிப்பு, நெகிழ்ச்சி. சில நாள்களில் ஒரு சொல் போதாது. அப்போது இரண்டைச் சேர்த்தே சொல்லுங்கள்.